குரல் டேபிளைக் காணவில்லை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே வம்பு. குளிக்கப் போகும் முன் வழக்கம்போல் போனில் மங்கையின் ஆப்பைத் திறந்து 'டவல் எடுத்தாச்சா?' என்ற பொத்தானை அழுத்தினேன். குரல் வரவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. 'குரல்' என்ற டேபிள் இல்லையாம்.

கோளாறு வந்தால் அன்றைக்கே பின்னணியோடு எழுதி வை என்று ஆபீசில் சின்னப் பிள்ளைகளைப் படுத்தி எடுப்பவன் நான். எனக்கும் அதே விதிதான். எழுதுகிறேன்.

பெயர் சிதம்பரநாதன். திருச்சியில் ஒரு தனியார் பால் கம்பெனியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிறேன். என் மனைவி மங்கையர்க்கரசி கணக்கு டீச்சர். பிப்ரவரியில் புற்றுநோய்க்காக அவள் குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்துத் துளை வழியாகத்தான் மூச்சு. குரல் கிடையாது. ஆபரேஷனுக்கு முன், ஜனவரியில், வீட்டில் புழங்கும் வாக்கியங்களை எல்லாம் அவளைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தேன். "பால் பொங்குது பாருங்க", "மாத்திரை போட்டீங்களா", "அந்தச் சட்டை வேணாம், கழட்டுங்க". ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். அழுத்தினால் ஆப் போய்க் கூடத்து மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் டேட்டாபேஸைக் கேட்கும், அது குரலை எடுத்துக் கொடுக்கும். டேபிள் என்பது ஒரே வகைச் சாமானை வரிசையாக அடுக்கிய பெட்டி, அவ்வளவுதான். அவள் குரல் முழுக்க ஒரே பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டியைத்தான் காணோம் என்கிறது.

நேற்று சாயங்காலம் வரை ஒழுங்காக இருந்தது. நேற்று எங்கள் கல்யாண நாள். மங்கை பாயசம் வைத்திருந்தாள். டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்த மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்ததுபோல் நின்றாள். அவளுக்கு எதற்குச் சிரமம் என்று நானே ஆப்பில் 'இன்னும் நூறு வருஷம் என்னைச் சகிச்சுக்குங்க' பொத்தானை அழுத்திவிட்டேன். இந்த நாளுக்கென்றே பதிவு செய்து வைத்தது. பழைய குரலில், சிரிப்போடு, கணீரென்று வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் உள்ளே போய்விட்டாள்.

இன்று விஷயத்தைச் சொன்னபோது பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தோளைக் குலுக்கினாள்.

"கவலைப்படாத. சாயங்காலத்துக்குள்ள கொண்டுவந்துர்றேன்" என்றேன்.

ஜூன் 4, புதன்

கொண்டுவர முடியவில்லை.

இந்தப் பிழை வந்தால் முதலில், கேட்பவன் சரியான இடத்தில்தான் கேட்கிறானா என்று பார்க்க வேண்டும். பாதி நேரம் பொருள் அங்கேயே இருக்கும், இவன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருப்பான். சர்வர் முகவரி பார்த்தேன், சரி. டேட்டாபேஸ் சரி. ஆப் கேட்கும் பெயரும் சரி. முந்தாநாள் கேட்ட இடத்தில்தான் இன்றும் கேட்கிறது.

டேபிள் காலியாக இருந்தாலும் இந்தப் பிழை வராது. பேசாமல் இருக்கும், அவ்வளவே. காலியாக இருப்பது வேறு, இல்லாமல் போவது வேறு. இங்கே இல்லாமலே போயிருக்கிறது.

புதன்கிழமைகளில் மங்கைக்கு ஆஸ்பத்திரியில் கூட்டம். தொண்டை ஆபரேஷன் ஆனவர்கள் சேர்ந்து பேச்சுப் பயிற்சி எடுப்பார்கள். வாசலில் இறக்கிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவேன், உள்ளே போனதில்லை. அந்த மிஷின் அங்கே இரவல் கொடுத்ததுதான். டார்ச் லைட் அளவு இருக்கும். கழுத்தில் அழுத்திக்கொண்டு வாயை அசைத்தால் 'கிர்ர்' என்ற அதிர்விலேயே சொற்கள் வரும். ஏற்றம் இறக்கம் ஒன்றும் கிடையாது. ஆணோ பெண்ணோ, யார் வைத்துப் பேசினாலும் ஒரே குரல். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள் எனக்குப் பின்னால் நின்று "என்னங்க" என்றாள். தூக்கிவாரிப் போட்டது.

"ஆப் இருக்கே மங்கை, இது எதுக்கு?" என்றேன்.

அதற்குப் பிறகு என் முன்னால் அதிகம் எடுப்பதில்லை. பிள்ளைகள் எழுதி எழுதி அழிக்கும் ஸ்லேட்டு மாதிரி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், வேண்டியதை அதில் எழுதுவாள்.

ஜூன் 5, வியாழன்

ஆப்பின் லாகினுக்கு அனுமதி பறிபோயிருந்தாலும் சில சமயம் இப்படித்தான் சொல்லும். பார்த்தேன். அனுமதி எல்லாம் சரியாக இருக்கிறது. கேஸ் புக் பண்ண வேண்டும். மங்கைக்கு இருமல்.

ஜூன் 8, ஞாயிறு

ஆபீசிலிருந்து ஹக்கீமை வரச் சொன்னேன். என்னோடு அதே பிரிவில் வேலை பார்ப்பவர், கைராசிக்காரர். அவர் மகள் மங்கையிடம் படித்தவள், அதனால் அவருக்கும் அவள் டீச்சர்தான்.

"பேக்கப் எங்க சார்?"

"ஆபீஸ் டேட்டாபேஸுக்கெல்லாம் தினமும் ஓடுது."

"வீட்டுக்கு?"

நான் மவுசை இங்கும் அங்கும் நகர்த்தினேன். அவரும் நல்ல மனிதர், மறுபடி கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் பேக்கப் எடுத்துக் கொடுப்பவன் சொந்த வீட்டு டேட்டாபேஸை அதில் சேர்க்காமல் விட்டிருக்கிறேன். சர்வருக்கு வரும் கட்டளைகளைக் குறித்து வைக்கும் வசதியையும் இடத்தை அடைக்கிறது என்று நானே நிறுத்தி வைத்திருந்தேன். இதையெல்லாம் வேறு எவனாவது செய்திருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

ஹக்கீம் உள்ளே இருக்கும் டேபிள்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன சார் இது, காயலான் கடை மாதிரி! எதையுமே தூக்கிப் போட மாட்டீங்களா?"

மாட்டேன். ஆபீஸ் வேலைக்காகச் சோதித்துப் பார்த்த டேபிளெல்லாம் இந்தக் கம்ப்யூட்டரில்தான் கிடக்கிறது. எதையும் அழிக்கக் கூடாது, பெயரை மாற்றி ஓரமாக வைக்க வேண்டும். என் தொழிலில் எனக்கென்று இருக்கும் ஒரே கொள்கை.

"தெரியுமே. ஒங்களுக்குக் கை உடைஞ்சப்ப டீச்சர்தானே ஒக்காந்து தட்டுனாங்க. நீங்க சொல்லச் சொல்ல. ஆபீஸ்ல எல்லாரும் சிரிச்சோம், அந்த மாசம்தான் ஒங்க வேலையில தப்பே வரலன்னு." சிரித்துவிட்டு, "இதையும் யாராவது பேர் மாத்தி வெச்சிருப்பாங்களோ?" என்றார்.

"யாராவதுன்னா யாரு? வீட்டுல நாங்க ரெண்டு பேரு. நான் மாத்துனா முன்னாடி 'பழைய'ன்னு போடுவேன். தேடிட்டேன், அப்படி எதுவும் இல்ல."

ஹக்கீம் டீ குடிக்கச் சமையலறைக்குப் போனார். நான் ஹார்ட் டிஸ்க்கைப் பரிசோதிக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். உள்ளே மிக்ஸி விட்டுவிட்டு ஓடியது. நடுநடுவே ஹக்கீம் வயிறு குலுங்கச் சிரித்தார். போகும்போது என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜூன் 11, புதன்

இருமலுக்காக ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் பரவியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மருந்து இருக்கிறது, கொடுக்கலாம், ஆனால் நிறைய எதிர்பார்க்க வேண்டாம் என்றார். மங்கை ஸ்லேட்டில் 'வீட்டுக்குப் போலாம்' என்று எழுதிக் காட்டினாள். டாக்டருக்கு இல்லை, எனக்கு.

வண்டியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மொதல்ல ஒன் குரலை மீட்டுர்றேன். அப்புறம் மத்ததப் பாப்போம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் என்னால் சரிசெய்ய முடிகிற காரியம் அது ஒன்றுதான் என்று தோன்றியது. அவள் கையை உருவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 14, சனி

ஓசூரிலிருந்து தென்றல் போன் செய்தாள். அடுத்த வாரம் லீவு போட்டு வருகிறாள். ஒரே மகள், அவளுக்கு நான் ஸ்கேன் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தால், "அம்மா சொல்லிட்டாங்கப்பா" என்கிறாள்.

"எப்படிச் சொன்னா?"

"பேசுனாங்க. நல்லாத்தான் பேசுறாங்க. நாங்க தினமும் பேசுறோமே?"

வாட்ஸப்பில் தட்டுவதைச் சொல்கிறாள். தட்டுவதற்கும் பேசுவதற்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

பக்கத்து வீட்டில் மத்தியானமானால் எதையோ துளை போடுகிறார்கள். ஒரு வாரமாக அதே கிர்ர் சத்தம். சொல்ல வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

ஹார்ட் டிஸ்க்கில் பழுதில்லை. அழிந்ததை மீட்டெடுக்கும் புரோகிராம் ஒன்று வாங்க ஏற்பாடு செய்திருக்கிறேன். ஆபீசுக்கு லீவு சொல்லியாயிற்று. நாள் முழுக்கக் கூடத்து மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். மங்கை வந்து பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஸ்லேட்டில், 'கொஞ்சம் இங்க திரும்புங்க' என்று எழுதினாள். "இதோ முடிஞ்சிரும்" என்றேன். திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது.

ஜூன் 18, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மழை. மங்கை குடை எடுத்துப் போகவில்லை என்று கூட்டம் முடியும் முன்பே போய் நேராக உள்ளே போனேன். மாடியில் ஒரு சின்ன அறை. வாசலுக்கு வரும்போதே பக்கத்து வீட்டுத் துளை போடும் சத்தம் கேட்டது. அதே கிர்ர். அதே விட்டு விட்டு.

மங்கை எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் மிஷின், கழுத்தோடு. வலது கையை வீசிக்கொண்டு கதை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கை உடைந்த கதை. "இவரு சொல்றாரு, கமா போடு, செமிகோலன் போடுங்கறாரு. இந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்குது. நான் விசிலையும் சேத்து எண்ணி..." என்று அந்த ஒரே சுருதியில் சொல்ல, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். குரல்வளை இல்லாதவர்கள் சிரித்தால் சத்தம் வராது. தோள்தான் குலுங்கும், கழுத்துத் துளையிலிருந்து காற்று வரும். அந்த அறையே குலுங்கியது. அவள் முகம் வகுப்பெடுக்கிற முகமாக இருந்தது. நான் அந்த முகத்தைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகிறது.

என்னைப் பார்த்ததும் கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

இறங்கி வரும்போது ராயப்பன் என்றொருவர் கூடவே வந்தார். ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர், துறையூர் வரைக்கும் ஸ்டாப் பெயரைக் கத்தியே தொண்டை போயிற்று என்று தன்னையே கேலி பண்ணுகிறவர். அவரும் தன் மிஷினைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "சார், ஒங்க வீட்டம்மா பேச ஆரம்பிச்சா வண்டி எடுக்க முடியாது. ஒங்களுக்கென்ன, வீட்டுலயே கேக்குறீங்க" என்றார்.

நான் சிரித்து வைத்தேன். எனக்கு வலித்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத வலி.

மிக்ஸி என்று நினைத்தேன். பக்கத்து வீடு என்று நினைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

இரண்டு நாளாகத் தயங்கி இன்று கேட்டேன். "வீட்டுலயும் பேசலாமே மங்கை?"

ஸ்லேட்டை எடுத்து எழுதினாள். 'நீங்க கண்ண மூடிக்கிறீங்க.'

"நானா?"

'ஒவ்வொரு தடவையும்.'

"இல்லவே இல்ல" என்றேன்.

அவள் அலமாரியைத் திறந்து மிஷினை எடுத்து, என் எதிரில் உட்கார்ந்து, கழுத்தில் வைத்து, "என்னங்க" என்றாள்.

நான் கண்ணை மூடியிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

புரோகிராம் வந்து சேர்ந்தது. பிரிக்கவில்லை.

சாப்பிடும்போது நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, "பேசு" என்றேன். "ரசத்துல உப்பு போதுமா?" என்றாள். கண்ணை மூடாமல் இருக்க உண்மையிலேயே பாடுபட்டேன், பொய் சொல்ல மாட்டேன். "போதும்" என்றேன். "அப்ப ஏன் இஞ்சி தின்ன மாதிரி இருக்கு மூஞ்சி?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தோளும் குலுங்கியது. உடனே இருமல் பிடித்துக்கொண்டது, துளையைத் துடைத்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தென்றல் வந்துவிட்டாள். தாயும் மகளும் சமையலறையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மிக்ஸி மாதிரி ஓடுகிறது. ஓடட்டும்.

ஜூன் 30, திங்கள்

நான்கைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டோம். இனிமேல் வலிக்கு மட்டும்தான் மருந்து. கூடத்தில் கட்டில் போட்டு, கம்ப்யூட்டரை நகர்த்தி, ஆக்சிஜன் சிலிண்டர் வைத்தாயிற்று.

அவள் கை நடுங்குகிறது. மிஷினைக் கழுத்தில் நிறுத்த முடியவில்லை, சறுக்கிக்கொண்டே இருக்கிறது. பாதிச் சொல் வெறும் காற்றாகப் போகிறது. ஸ்லேட்டிலும் எழுத முடியவில்லை.

நான் மிஷினை வாங்கி அவள் கழுத்தில் வைத்தேன். முதலில் சரியாக வரவில்லை. தாடைக்குக் கீழே, கொஞ்சம் இடது பக்கமாக, மெத்தென்று ஒரு இடம் இருக்கிறது. அங்கேதான் வைக்க வேண்டும். என் மற்றொரு கையைப் பிடித்து அவளே அந்த இடத்தைக் காட்டினாள். வைத்து அழுத்தியதும் முதல் வார்த்தை தெளிவாக வந்தது.

"தண்ணி."

ஜூலை 4, வெள்ளி

இப்போதெல்லாம் அவள் பேச நினைத்தால் என்னைப் பார்ப்பாள், நான் மிஷினை வைப்பேன். எப்போது பொத்தானை அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பழகிவிட்டது. விட்டால்தான் சொல்லுக்குச் சொல் இடைவெளி வரும். அவள் உதடு சேர்வதைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது. கூட வாழ்ந்த நாளெல்லாம் அவள் முகத்தை இத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறேனா தெரியவில்லை.

எல்லாம் பேசுகிறாள். எதிர்வீட்டுக்காரி மருமகளை வம்பிழுப்பதைப் பேசுகிறாள். தென்றலுக்குப் பீரோவில் எந்தப் புடவை என்று பேசுகிறாள். என் சட்டைக் காலரைக் குறை சொல்கிறாள். பதிவு செய்தபோது இதையெல்லாம் நான் கேட்கவே இல்லை. பொத்தானுக்கு ஏற்ற மாதிரி சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் கேட்டேன்.

அதிர்வு என் விரலில் ஏறுகிறது. அவள் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் விரலில் இருக்கிறது.

ஜூலை 9, புதன்

ராயப்பனும் கூட்டத்து ஆட்கள் இருவரும் பார்த்துவிட்டுப் போனார்கள். மாதுளம் பழம் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு மங்கை என்னைப் பார்த்தாள். மிஷினை வைத்தேன்.

"தேடுறத நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன்."

"கெடைக்கவே இல்லையா?"

"இல்ல. போகட்டும் விடு."

"இப்ப வேணாம். அப்புறமா, நிதானமா தேடுங்க. எங்கயும் போயிருக்காது."

எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "என்னங்க" என்றாள். "ம்" என்றேன். "ஒண்ணும் இல்ல. ம்-முன்னு சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

மங்கை போய்விட்டாள். விடிந்த பிறகுதான். என் கை அவள் கழுத்தில் இருந்தது. உதடு அசைந்தது, அழுத்தினேன், சொல் வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 28, திங்கள்

கருமாதி முடிந்தது. பந்தல்காரர் வந்து நாற்காலிகளை எடுத்துப் போனார். வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு தென்றல், "அப்பா, அம்மா கொரல் கொஞ்சம் கேக்கணும்போல இருக்கு. பழைய கொரல். எதுவுமே இல்லையா?" என்று அழுதாள்.

கம்ப்யூட்டரைப் பழைய இடத்துக்கு நகர்த்திப் போட்டேன். மீட்டெடுக்கும் புரோகிராமின் உறையைப் பிரிக்கத் தெம்பில்லை. சும்மா டேபிள்களின் பட்டியலைத் திறந்தேன். 'குரல்' என்று தேடவில்லை, 'பழைய' என்று தேடவில்லை. எதையும் தேடாமல் மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தேன். எதையும் கண்டுபிடிக்கும் நோக்கம் இல்லை. மகள் பக்கத்தில் இருக்கும்போது கை எங்கேயாவது இருக்க வேண்டும் என்றுதான்.

நடுவில், என் குப்பைகளுக்கிடையில் ஒரு பெயர் இருந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். தமிழில் எழுதினால் இப்படி:

நான்_போன_பிறகு

திறந்தேன். வரிசை வரிசையாக எல்லாம் இருந்தது. பால் பொங்குது பாருங்க. மாத்திரை போட்டீங்களா. டவல் எடுத்தாச்சா. ஒன்றுகூடக் குறையவில்லை.

பெயரை மாற்ற ஒரே ஒரு கட்டளை போதும். என் கைக்கட்டு காலத்தில் நானே சொல்லி அவள் அடித்ததுதான். எதையும் அழிக்காதே மங்கை, பேரை மாத்தி ஓரமா வை, என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கல்யாண நாளன்று பாயசத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவள், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவளாக இருக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

தென்றல் அந்தப் பெயரைப் படித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் ஆப்பைத் திருத்தி, அந்தப் பெயரிலேயே கேட்கச் செய்தேன். டேபிளின் பெயரை மாற்றவில்லை. அவள் வைத்த பெயர் அப்படியே இருக்கட்டும்.

முதல் பொத்தானை அழுத்தினேன். "சாப்பிட வாங்க, ஆறுது" என்று மங்கை கூப்பிட்டாள். அந்தக் கணீர்க் குரல். தென்றல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்காக எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன்.

எனக்கு வேறு குரல் வேண்டியிருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

அந்தக் குரல் எங்கும் இல்லை. என் போனில் பார்த்தேன். தென்றல் பேசிய அழைப்புகள் எதுவும் பதிவாகவில்லை. ஹக்கீமைக் கேட்டேன், இல்லை என்றார். ராயப்பனுக்குப் போன் செய்து, கூட்டத்தில் யாராவது பதிவு செய்தார்களா என்று கேட்டேன்.

"அந்தம்மா பேசுனா கேக்கத்தான் சார் தோணும். போன எடுத்துப் புடிக்க எவனுக்குத் தோணும்?" என்றார்.

நானும் எடுக்கவில்லை. ஒரு கையில் மிஷின் இருந்தது, மறு கையில் அவள் கை இருந்தது.

ஜூலை 30, புதன்

மிஷினை இன்று திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். காத்திருப்பவர்கள் இருக்கிறார்களாம். நேற்றே முழுக்க சார்ஜ் போட்டு, துணியால் துடைத்து, உறையில் வைத்திருந்தேன். தென்றல் தானும் கூடவே வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

மாடி அறையில் பயிற்சி கொடுக்கும் ரெஜினா மேடம் இருந்தார். இன்னும் கூட்டம் சேரவில்லை. கழுத்தில் புதுக் கட்டோடு ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், புருஷனோடு உட்கார்ந்திருந்தார். மேடம் மிஷினை வாங்கி அங்கேயே அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். அவருக்கு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கழுத்தில் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தார். வெறும் கிர்ர் மட்டும் வந்தது. பயந்துபோய் மேடத்தைப் பார்த்தார். மேடம் அதற்குள் போனில் யாரிடமோ பேசப் போயிருந்தார்.

"தாடைக்குக் கீழ, கொஞ்சம் எடது பக்கம்" என்றேன். என் கழுத்தில் விரல் வைத்துக் காட்டினேன். "மெத்துன்னு ஒரு எடம் இருக்கும் பாருங்க."

வைத்தார். அழுத்தினார். புருஷன் பக்கம் திரும்பினார்.

"என்னங்க" என்றார்.

அதே குரல். அந்த மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு தரையைப் பார்த்துக் குனிந்திருந்தார். பதில் சொல்லவில்லை.

நான் "ம்" என்றேன்.